நம்பகமான துப்பாக்கி, நம்பப்படாத கை

அமெரிக்காவில் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்ல ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ‘நம்பகம்’. விலையும் அழகும் நிறுவனத்தின் பெயரும் அதற்குப் பிறகுதான். விசையை இழுத்தால் ஒவ்வொரு முறையும் வெடிக்க வேண்டும். இழுக்காதபோது ஒருமுறைகூட வெடிக்கக் கூடாது. அவர்கள் கேட்கிற நம்பகம் அவ்வளவுதான். ஆனால் அதைத் தேடி அவர்கள் செலவிடும் நேரமும் பணமும் கொஞ்சநஞ்சமல்ல.

‘காம்பாக்ட்’ என்ற சொல்லுக்கு நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது 1988இல் வந்த கிளாக் 19. மேகசினில் 15 தோட்டாக்கள் பிடிக்கும். 2012இல் அதைவிட ஒல்லியான ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் வந்தது. 2018இல் வந்த சிக் சாவர் பி365 சுமார் அரைக் கிலோ எடைதான். ஆனால் மேகசினில் 10 தோட்டாக்கள் பிடித்தது. துப்பாக்கி சிறுத்துக்கொண்டே போகிறது. சிறுத்தால் மறைப்பது எளிது. ஆனால் பிடியும் சிறுக்கும், உதைப்பு கூடும், குறி தவறும். தளர்ந்த கையால் சுட்டால் வெற்றுக் குப்பி வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான்: வாங்கிய அன்றே இடுப்பில் செருகாதே. தினமும் எந்தத் தோட்டாவை வைத்திருக்கப் போகிறாயோ அதையும் சேர்த்துப் பயிற்சிக் களத்தில் சில நூறு முறை சுட்டுப் பார். விசையை முழுவதுமாக மூடும் கெட்டியான உறை வாங்கு. கீழே விழுந்தால் வெடிக்காமலிருக்க உள்ளே தடுப்பு இருக்கிறதா என்று பார்.

இந்தக் கடைசி அறிவுரை வீணானதல்ல. பிரபல நிறுவனம் ஒன்று 2017இல், கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற புகார்களுக்குப் பிறகு, தன் துப்பாக்கிகளின் பாகங்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதுவும் அரசு உத்தரவிட்டு அல்ல, தானாக முன்வந்துதான். அமெரிக்காவில் பொம்மைகளும் மின்விசிறிகளும் பாதுகாப்பானவையா என்று பார்க்க 1972இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் உருவாக்கப்பட்டது. நிஜத் துப்பாக்கியைத் தொட அதற்கு அதிகாரம் கிடையாது, நாடாளுமன்றமே தடுத்துவைத்திருக்கிறது. பொம்மைத் துப்பாக்கியில் குறையிருந்தால் அரசு திரும்பப் பெறச் சொல்லலாம். உண்மைத் துப்பாக்கியில் குறையிருந்தால் வாங்கியவரே சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவை அனைத்தும் இரும்பையும் பிளாஸ்டிக்கையும் பற்றிய கேள்விகள். இந்தப் பட்டியலில் ஒரு கேள்வியைக் காணோம்: அந்தத் துப்பாக்கி யாருடைய இடுப்பில் இருக்கிறது?

2016 ஜூலை 6ஆம் தேதி மாலை, மினசோட்டா மாநிலத்தின் ஃபால்கன் ஹைட்ஸில் ஒரு காரைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். ஓட்டிவந்தவர் ஃபிலாண்டோ காஸ்டீல், வயது 32, பள்ளியின் உணவுக்கூட மேற்பார்வையாளர், கறுப்பினத்தவர். பின்னிருக்கையில் அவருடைய காதலியின் நான்கு வயது மகள். வண்டியைப் பின்தொடர்ந்தபோதே, ஓட்டுநரின் அகன்ற மூக்கைப் பார்த்தால் கொள்ளை வழக்கில் தேடப்படுபவரைப் போல் இருக்கிறது என்று அந்தக் காவலர் வானொலியில் சொல்லியிருந்தார். மூக்கை வைத்து மனிதரை வகைப்படுத்தும் வித்தை நமக்குப் புதிதல்ல. காலனிய இந்தியாவின் கணக்கெடுப்பு அதிகாரிகள் சாதிகளின் மூக்கை அளந்து உயர்வு தாழ்வுக்கு விஞ்ஞானப் பூச்சு பூசியவர்கள்.

காஸ்டீலிடம் கைத்துப்பாக்கி இருந்தது. மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமமும் இருந்தது. காவலர் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதுதான் மினசோட்டா சட்டம். அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. ‘சார்’ என்று மரியாதையாக விளித்து, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். அதை எடுக்கவில்லை என்றும் சொன்னார். சில நொடிகளில் ஏழு குண்டுகள் பாய்ந்தன. அவர் இறந்தார். ஓராண்டு கழித்து, 2017 ஜூன் 16 அன்று, நீதிமன்றம் அந்தக் காவலரை விடுவித்தது.

பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கப்படும் ஒழுங்கையெல்லாம் காஸ்டீல் கடைப்பிடித்தார். உரிமம் இருந்தது. உண்மை சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அவருடைய துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ‘நம்பகம்’ என்று கடைக்காரர் சொல்லும் பொருளில் அது நம்பகமானதுதான். நம்பப்படாமல் போனது அவருடைய கை. நாட்டின் பெரிய துப்பாக்கி உரிமை அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கம் இரண்டு நாள் கழித்து அறிக்கை விட்டது. அதில் அவர் பெயர்கூட இல்லை.

இது தனித்த சம்பவமா? 2018 நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் மதுக்கூடம் ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சுட்டவனைத் தரையில் அமுக்கிப் பிடித்து வைத்திருந்தவர் அங்கே பாதுகாவலராக வேலை பார்த்த ஜெமல் ராபர்சன், வயது 26. வந்த காவலர் சுட்டது அவரைத்தான். 2022 பிப்ரவரியில் மினியாபொலிஸில் அதிகாலை நேரம், கதவைத் தட்டாமலேயே நுழையும் ஆணையோடு காவல்துறை ஒரு வீட்டுக்குள் புகுந்தது. சோபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 22 வயது அமீர் லாக் கையில் துப்பாக்கியோடு விழித்தெழுந்தார். அது சட்டப்படி அவருடையது. ஆணையில் அவர் பெயரே இல்லை. காவலர்கள் நுழைந்து பத்து நொடிகளுக்குள் அவர் சுடப்பட்டார். இருவரும் கறுப்பினத்தவர்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 2020 ஆகஸ்டில், விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகரில் 17 வயது வெள்ளைச் சிறுவன் நீளத் துப்பாக்கியால் மூவரைச் சுட்டான், இருவர் இறந்தனர். அந்தத் துப்பாக்கி மார்பில் தொங்க, கைகளைத் தூக்கியபடி அவன் காவல் வாகனங்களை நோக்கி நடந்து வந்தான். வாகனங்கள் அவனைக் கடந்து போயின. தற்காப்பு என்ற அவனுடைய வாதத்தை அடுத்த ஆண்டு நடுவர் குழு ஏற்றுக்கொண்டது. அந்த வாதம் சரியா தவறா என்பது வேறு விவாதம். அந்த இரவில் காவலரின் கண் என்ன பார்த்தது என்பதுதான் நம் கேள்வி. கைத்துப்பாக்கி போர்வைக்குள் இருந்தாலும் கறுப்பு உடலில் அது அச்சுறுத்தல். நீளத் துப்பாக்கி மார்பில் தொங்கினாலும் வெள்ளை உடலில் அது அச்சுறுத்தலாகத் தெரியவில்லை.

அந்தக் கண்ணைப் பழக்கியது சட்டம். அந்தப் பழக்கத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு.

1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி டானி, அவர்களைக் குடிமக்களாக ஏற்றால் என்னவெல்லாம் நடக்கும் என்று ஒரு பட்டியல் போட்டார். போகுமிடமெல்லாம் ஆயுதம் எடுத்துச் செல்வார்கள் என்பதும் அதில் ஒன்று. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வெள்ளையருக்கு அந்தத் தடை இல்லை. விலங்கை அறுத்தவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அறுபட்ட கை ஆயுதத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டது.

பின்னாளில் வந்த சட்டங்கள் நிறத்தைச் சொல்லாமலேயே அதே வேலையைச் செய்தன. ஃபுளோரிடா 1893இல், பிறகு திருத்தி 1901இல், துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் எழுதியது. 1941இல் அதன்படி ஒரு வெள்ளையர் மாட்டிக்கொண்டார். வழக்கை விசாரித்த மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர் தன் தீர்ப்புரையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: இந்தச் சட்டம் கறுப்பினத் தொழிலாளர்களை நிராயுதபாணியாக்க வந்தது, வெள்ளையர்மீது பாய வேண்டும் என்று யாரும் நினைத்ததேயில்லை. சட்டப் புத்தகத்தில் ‘அனைவரும்’ என்று இருக்கும். அமலாக்கத்தில் ‘அவர்கள்’ என்று மாறும். ஊர்ப் பொதுக் கிணறு எல்லோருக்கும் பொது என்று எழுதிவைத்த நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1892இல் மெம்ஃபிஸ் நகரில் தன் நண்பர்கள் வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டதும் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். சட்டம் பாதுகாக்க மறுக்கும்போது ஒவ்வொரு கறுப்பின வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான இடம் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1956 ஜனவரியில் மான்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. உள்ளே அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அகிம்சையின் அடையாளமாக நாம் அறிந்த அதே கிங், மறைத்து எடுத்துச் செல்லும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். வீட்டில் குண்டு விழுந்த மனிதருக்கு இல்லாத தேவை வேறு யாருக்கு இருக்கும்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிற்பாடு அவர் தன் கொள்கைப்படி துப்பாக்கிகளை முற்றாகக் கைவிட்டார். ஆனால் கைவிடுவது ஒன்று; கேட்டும் மறுக்கப்படுவது வேறு. அவரை நிராகரித்த அதே அலபாமா, 2023 ஜனவரி முதல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே வேண்டாம் என்று ஆக்கிவிட்டது.

1967 மே 2 அன்று கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கிகளோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அன்றைய சட்டப்படி ஆயுதத்தை வெளிப்படையாக எடுத்துச் செல்வது குற்றமல்ல. ஓக்லாந்தில் காவலர்கள் கறுப்பர்களை நிறுத்தி விசாரிக்கும்போது, சட்டப்புத்தகத்தோடும் துப்பாக்கியோடும் தள்ளி நின்று கண்காணித்ததால் வந்த ஆத்திரத்தில் ஒரு தடை மசோதா தயாராகியிருந்தது. அதை எதிர்க்கத்தான் போனார்கள். மூன்று மாதத்துக்குள் அது சட்டமானது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமையின் காவலர் என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவர்.

இங்கேதான் முற்போக்கு இளைஞர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கி உரிமை என்றால் வலதுசாரி, துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றால் முற்போக்கு என்று ஒரு சுலபமான கணக்கை அமெரிக்கத் தொலைக்காட்சியிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறோம். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநிலத்தின் 1911ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் முக்கியப் பகுதியை ரத்து செய்தது. ‘தகுந்த காரணம்’ காட்டினால்தான் துப்பாக்கியைப் பொதுவெளியில் எடுத்துச் செல்ல உரிமம் என்று அந்தச் சட்டம் சொன்னது. காரணம் தகுந்ததா என்று முடிவு செய்வது அதிகாரி. ரத்து செய்யச் சொல்லி வாதிட்டவர்களில் ஏழைகளுக்காக வழக்காடும் கறுப்பின வழக்கறிஞர்களும் பிராங்க்ஸ் பகுதியின் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவர்கள் துப்பாக்கிக் காதலர்கள் அல்ல. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போகும் தங்கள் கட்சிக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பர்களும் லத்தீன் மக்களும் என்பதை அன்றாடம் பார்ப்பவர்கள். செல்வாக்குள்ளவருக்கு உரிமம், மற்றவருக்குச் சிறை என்பதைக் கட்டுப்பாடு என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அதற்காக, எல்லோரும் ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கிக்கொண்டால் சமத்துவம் வந்துவிடும் என்று சொன்னால் அது நேர்மையற்ற பேச்சு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு என்றும், பெண்களில் 35 மடங்கு என்றும் கண்டது. வெளியே இருக்கும் எதிரிக்காக வாங்கிய பொருள், வீட்டுக்குள் வரும் ஓர் இருண்ட இரவுக்குப் பயன்பட்டுவிடுகிறது. இழுத்தால் ஒவ்வொரு முறையும் வெடிக்கும் அந்த நம்பகத்தன்மைதான் அந்த இரவில் திரும்பிவர வழியில்லாமல் செய்கிறது. இதைச் சொல்லாமல் துப்பாக்கித் தேர்வைப் பற்றிப் பேசுகிற எந்தக் கடைக்காரரும் பாதியைத்தான் பேசுகிறார்.

பயத்தை விற்பது அங்கே பெரும் வணிகம் என்பதும் உண்மை. ஆனால் எல்லாப் பயமும் விளம்பரம் உருவாக்கிய பயமல்ல. 2015இல் தொடங்கப்பட்ட தேசிய ஆப்பிரிக்க அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கம் வளர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் வெறும் விளம்பரம் என்று நினைத்தால் நாம் ஐடா பி. வெல்ஸைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். காவல்துறையை அழைத்தால் வருகிறவர் தன்னையே சுட்டுவிடுவாரோ என்று அஞ்சும் ஒரு கறுப்பினத் தாய், தன் கைக்குப் பொருந்துகிற சின்னத் துப்பாக்கி எது என்று விசாரிக்கிறாள். அவளுக்கு நம்பகமான அரசு கிடைக்கவில்லை. அதனால் நம்பகமான துப்பாக்கியைத் தேடுகிறாள். அவளைப் பார்த்து ‘வன்முறை தீர்வல்ல’ என்று பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு உபதேசிக்க நமக்கு உரிமையில்லை.

இதையெல்லாம் சாதி ஒழிப்பு பேசும் இந்தப் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும்?

இந்தியாவில் ஏன் சமூகப் புரட்சி நடக்கவில்லை என்ற கேள்விக்கு, 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் தந்த விடைகளில் ஒன்று ஆயுதம். நால்வருண முறை அடித்தட்டு மக்களுக்கு ஆயுதத்தை மறுத்தது. கலகம் செய்யும் ஆற்றலே இல்லாமல் அவர்களை முடக்கியது என்றார். மிசிசிப்பி 1865இல் காகிதத்தில் எழுதியதை இங்கே தர்மம் என்ற பெயரில் நூற்றாண்டுகளாக நடத்தினார்கள்.

அந்த வரலாற்றுக்கு நம் சட்டத்தில் ஒரு சின்ன மறுமொழி இருக்கிறது. நம்மில் பலர் அதைப் படித்ததே இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதில் மூன்றாவது விதி, வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில் மாநில அரசு எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை வரிசையாகச் சொல்கிறது. தேவைப்பட்டால், அந்தப் பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டி, தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டங்கள் ஒடுக்கப்பட்டவரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிப்பதில் தொடங்கின. இந்த விதி ஒடுக்குகிறவரின் கையிலிருந்து பறிப்பதில் தொடங்குகிறது. ஒடுக்கப்பட்டவருக்கு உரிமம் என்பது அதற்கடுத்துத்தான். எத்தனை துப்பாக்கி என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய துப்பாக்கி என்று கேட்கும் விதி இது. அமெரிக்காவின் இரண்டு முகாம்களும் கேட்கத் தவறிய கேள்வி, முப்பது ஆண்டுகளாக நம் அரசிதழில் அச்சாகிக் கிடக்கிறது.

பீகாரின் லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 இரவு, ரண்வீர் சேனா என்ற நிலவுடைமையாளர்களின் தனியார் படை 58 தலித்துகளைச் சுட்டுக் கொன்றது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதில் இருந்தார்கள். அப்போது இந்த விதி வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று கீழ் நீதிமன்றம் சொன்ன 26 பேரையும் விடுவித்தது. எழுதப்பட்ட விதி தானாக யாரையும் காப்பாற்றாது. காஸ்டீலிடமும் உரிமம் இருந்தது.

ஆகவே நாம் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிப்போம். எந்தக் கைத்துப்பாக்கி நல்லது என்பதை அமெரிக்கர்கள் சுட்டுப் பார்த்துச் சோதித்துக்கொள்ளட்டும். நாம் சோதிக்க வேண்டியது மூன்றாவது விதியை. பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு போதும். உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திடம் கேளுங்கள்: மாவட்டத்தில் வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ளவை என்று அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? அந்த ஊர்களில் துப்பாக்கி உரிமம் வைத்திருப்போர் எத்தனை பேர்? மூன்றாவது விதியின்படி கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை உரிமங்கள் ரத்தாயின? அதே விதியின்படி உரிமம் கேட்ட பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் எத்தனை பேர், கிடைத்தது எத்தனை பேருக்கு?

வரும் பதிலை ஊரில் உரக்கப் படியுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.